ஸ்ரீ செத்தியா இடைத்தேர்தல், 2018

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் ஸ்ரீ செத்தியா சட்டமன்றத் தொகுதியில் 2018 செப்டம்பர் 8 அன்று நடந்த இடைத்தேர்தல் இது. தாமான் மேடான் சட்டமன்றத் தொகுதியும் இந்தத் தொகுதியும் பெட்டாலிங் ஜெயா நாடாளுமன்றத் தொகுதிக்குள் அக்கம்பக்கமாக உள்ளவை. சில ஆண்டுகளுக்கு முன்வரை சேர்ந்து மாநிலத்தை ஆண்ட பிகேஆரும் (மக்கள் நீதிக் கட்சி) பாஸும் (மலேசிய இஸ்லாமியக் கட்சி) ஸ்ரீ செத்தியாவில் நேருக்கு நேர் மோதின.

தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஷஹாருடின் படாருடின் (பிகேஆர்) ஆகஸ்ட் 2 அன்று புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டு மே மாதப் பொதுத்தேர்தலில் அவர் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மையில் வென்றிருந்தார்.

2008இல் சிலாங்கூரைக் கைப்பற்றிய பிகேஆர், பாஸ், ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) கூட்டணியான பக்காத்தான் ராக்யாட், ஜசெகவுடன் பாஸ் உறவை முறித்துக்கொண்டதால் 2015இல் கலைந்தது. கூட்டணி போனாலும் பதவி போகவில்லை: பிகேஆரைச் சேர்ந்த மந்திரி பெசார் (மாநில முதல்வர்) அஸ்மின் அலியின் மாநில ஆட்சிக்குழுவில் பாஸ் தொடர்ந்து அமர்ந்திருந்தது. எதிர்க்கட்சியா, ஆளுங்கட்சியா என்று வாக்காளர் குழம்பியதில் வியப்பில்லை. இடைத்தேர்தலில் பாஸ் நிறுத்திய ஹலிமா அலியும் பக்காத்தான் ஆட்சிக்குழுவில் முன்பு இடம்பெற்றவர்தான். செலாட் கிள்ளான் தொகுதியின் முன்னாள் உறுப்பினர். பிகேஆர் வேட்பாளர் ஹலிமி அபு பக்கார், பெட்டாலிங் ஜெயா மாநகராட்சியின் உறுப்பினராக இருந்தவர்.

தேசிய முன்னணிக் கூட்டணியின் தலைமைக் கட்சியான அம்னோ ஒதுங்கிக்கொண்டதுதான் இத்தேர்தலின் உண்மையான செய்தி. ஆகஸ்ட் 4 அன்று நடந்த சுங்கை கண்டிஸ் இடைத்தேர்தலில் அம்னோவுக்காக பாஸ் விலகியிருந்தது; ஸ்ரீ செத்தியாவில் அதற்குக் கைமாறு கிடைத்தது. ஓராண்டு கழித்து அம்னோவும் பாஸும் முவாஃபக்காட் நேஷனல் என்ற ஒத்துழைப்புச் சாசனத்தில் கையெழுத்திட்டன. செப்டம்பர் 8 அன்றே பலாக்கோங் தொகுதி இடைத்தேர்தலிலும் வாக்களிப்பு நடந்தது. அங்கே தேசிய முன்னணியின் மற்றோர் உறுப்புக் கட்சியான மலேசிய சீனர் சங்கம் (மசீச), கூட்டணியின் தராசுச் சின்னத்தை விட்டுத் தன் சொந்தச் சின்னத்தில் நின்று ஜசெகவிடம் படுதோல்வி அடைந்தது. ஒரே நாளில் அம்னோ ஒரு பக்கமும் மசீச மறுபக்கமும் நடந்த காட்சி, தேசிய முன்னணியின் அன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறது.

ஸ்ரீ செத்தியாவில் ஹலிமி 13,725 வாக்குகளும் ஹலிமா 9,698 வாக்குகளும் பெற்றனர். பெரும்பான்மை 4,027. மே மாதப் பெரும்பான்மையிலிருந்து ஏற்பட்ட இந்தச் சரிவை வைத்து பாஸ் அலை என்று முடிவுகட்டுவது அவசரம். பாதிக்கும் அதிகமான வாக்காளர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை.

2023 மாநிலத் தேர்தலில் அம்னோ பிகேஆர் அணிக்கு வந்துவிட்டது. ஸ்ரீ செத்தியா பிகேஆர் வசமே நின்றது. பக்கத்துத் தொகுதியான தாமான் மேடானை, பாஸ் இடம்பெற்ற பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணியின் அஃபிஃப் பஹாருடின் 30 வாக்கு வித்தியாசத்தில் கைப்பற்றினார். அவர் முன்னாள் பிகேஆர்காரர். பினாங்கு ஆட்சிக்குழுவில் இருந்தவர்.