ரிப்பீட்டர் தொனிக் கட்டுப்பாடு

மலையுச்சியிலோ உயர்ந்த கட்டடத்திலோ ஆளில்லாமல் இயங்கும் அமெச்சூர் வானொலி ரிப்பீட்டரைத் தொலைவிலிருந்து ஒலித்தொனிகளால் இயக்கவும் நிறுத்தவும் உதவும் முறை. கையடக்கக் கருவியின் வலுக்குறைந்த அலையை ஓர் அலைவரிசையில் வாங்கி, அக்கணமே வேறோர் அலைவரிசையில் வலுவாக ஒலிபரப்புவதே ரிப்பீட்டரின் வேலை. வட அமெரிக்காவில் இரண்டு மீட்டர் பட்டையில் இவ்விரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ்.

1950களில் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்ட் ஜென்ட்ரி நிறுவிய கே6எம்ஒய்கே, தொடக்ககால ரிப்பீட்டர்களுள் பெயர்பெற்றது. இத்தகைய நிலையங்கள் பெருகியதும் ஒரு கேள்வி எழுந்தது: பழுதாகி ஓயாமல் ஒலிபரப்பும் கருவியை யார், எப்படி நிறுத்துவது? உரிமம் பெற்றவரே பொறுப்பாளி என்பது சட்டம். ஒவ்வொரு முறையும் மலையேறிப் போவது நடக்கிற காரியமல்ல. வாடகைத் தொலைபேசிக் கம்பி, ஒற்றைத் தொனி, சுழல்வட்டத் தொலைபேசியின் துடிப்பு எனப் பல வழிகள் கையாளப்பட்டன. ஒற்றைத் தொனியைப் பேச்சொலியோ சீழ்க்கையோ தற்செயலாக ஒத்துவிடும். பொறுப்பான வேலைக்கு அது போதவில்லை.

விடை தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. 1963 நவம்பர் 18 அன்று பெல் நிறுவனம் பென்சில்வேனியாவின் கார்னெகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் டச்-டோன் சேவையைத் தொடங்கியது. ஒரு விசையை அழுத்தினால் இரண்டு தொனிகள் சேர்ந்தே ஒலிக்கும். கீழ்த்தொகுதியில் 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். மேல்தொகுதியில் 1209, 1336, 1477, 1633 ஹெர்ட்ஸ். ஒன்று மற்றொன்றின் மடங்காகவோ, வேறு இரண்டின் கூட்டுத்தொகையாகவோ வேறுபாடாகவோ வராதபடி தேர்ந்த எண்கள் இவை. மனிதக் குரல் ஏமாற்றாதிருக்கச் செய்த இந்த ஏற்பாடு, பேச்சே ஓடும் வானொலித் தடத்துக்கு அப்படியே பொருந்தியது. இதை இத்துறையின் பெரும்பேறு என்றே சொல்ல வேண்டும்.

1970களில் ரிப்பீட்டர் வழியாகத் தொலைபேசியில் பேச உதவிய ஆட்டோபேட்ச் பரவியது. அதற்காக விசைப்பலகை ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களின் கைக்கு வந்தது. கட்டுப்பாடும் அதே பலகையில் ஏறிக்கொண்டது. சாதாரணத் தொலைபேசியில் இல்லாத நான்காம் நெடுவரிசை விசைகள், அதாவது ஏ, பி, சி, டி, அமெரிக்க இராணுவத்தின் ஆட்டோவான் வலையமைப்பில் அழைப்பின் முன்னுரிமையைக் குறித்தவை. பொதுமக்களிடம் இல்லாததால் கட்டளைக் குறியீடுகளுக்கு ஹாம்கள் அவற்றை விரும்பி எடுத்துக்கொண்டனர்.

தொனியை அனுப்புவதைவிட மலையில் அதை அடையாளம் காண்பதே கடினமாக இருந்தது. முதலில் என்.ஈ.567 சிப்புகள் உதவின. ஒரு சிப் ஒரு தொனியை மட்டுமே அறியும். பன்னிரண்டு விசைகளுக்கு ஏழு சிப்புகள் தேவை. ஒவ்வொன்றையும் திருகித் திருகிச் சுருதி சேர்க்க வேண்டும். வெப்பநிலை மாறினால் சுருதி விலகும். குளிர்காலத்தில் மலைக் கொட்டகையில் கட்டளை ஏறாமல் போகும். மைட்டல் நிறுவனத்தின் எம்.டி.8870 இந்தத் தொல்லையைத் தீர்த்தது. வண்ணத் தொலைக்காட்சிகளுக்காக மலிவாகக் கிடைத்த 3.579545 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றைக்கொண்டே அது பதினாறு விசைகளையும் அறிந்து நான்கு பிட் எண்ணாகத் தந்தது. அதனுடன் நுண்செயலியும் சேர்ந்தபோது ரிப்பீட்டர் கன்ட்ரோலர் என்னும் தனிக்கருவி உருவானது.

இன்னொரு சிக்கல், தொனி எல்லோர் காதிலும் விழுவது. ரிப்பீட்டர் அதைத் திரும்ப ஒலிபரப்பினால், கேட்பவர் எவரும் பதிவுசெய்து குறியீட்டைப் படித்துவிடலாம். எனவே தொனி வந்ததும் வெளியீட்டொலியை அடைக்கும் சுற்று சேர்க்கப்பட்டது. ஆனால் உள்ளீட்டு அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பவரை அது தடுக்காது. நிலையத்தை நிறுத்தும் கட்டளைக்குத் தனி இணைப்பு வைப்பதே நல்ல வழக்கம். அமெரிக்காவில் அத்தகைய வானொலி இணைப்பு நெடுங்காலம் 220 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைகளுக்கு உரியதாக இருந்தது. 2006இல் இரண்டு மீட்டர் பட்டையின் பெரும்பகுதியும் அதற்குத் திறந்துவிடப்பட்டது.

1997இல் கனடாவில் தோன்றிய ஐ.ஆர்.எல்.பி., 2002இல் வந்த எக்கோலிங்க் ஆகியவை ரிப்பீட்டர்களை இணையத்தால் இணைத்தபோதும், தொலைதூர நிலையத்தை அழைப்பதற்கு இதே எட்டுத் தொனிகளையே பயன்படுத்தின. இன்று கணினி வழியாகவே நிலையத்தை ஆள முடியும். ஆனாலும் மலைக்குப் போகும் இணையம் அறுந்தால் விசைப்பலகைதான் கைகொடுக்கும். அதுவும் எட்டாமல் போகும் வேளைக்கென அமெரிக்க விதி ஓர் எல்லை வகுத்திருக்கிறது: கட்டுப்பாட்டு இணைப்பு பழுதானால் ஒலிபரப்பு மூன்று நிமிடத்துக்கு மேல் நீளாதபடி நிலையத்திலேயே ஏற்பாடு இருக்க வேண்டும்.