இடப்பக்கச் சீட்டுக்காரர்

நாமக்கல்லில் யார் இறந்தாலும் பிளக்ஸ் வைத்துவிடுவார்கள். பேருந்து நிலையத்துக்கு வெளியே, பரமத்தி சாலை முனையில், டீக்கடை ஓரத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று யாராவது ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். லாரி கிளீனருக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. அவர் ஒரே நாளில் போய்ச் சேரவில்லை. இந்த மாதம் ஒரு வண்டியிலிருந்து இறங்கினார், அடுத்த மாதம் இன்னொன்றிலிருந்து. இப்போது நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிகளில் எட்டிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் டிரைவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கச் சீட்டில் ஒரு போர்வை, ஒரு தண்ணீர் கேன்.

தாமதமாகத்தான் வருகிறது இந்த இரங்கல். ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

கிளீனர் மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவர். மழை பொய்த்த வருஷங்கள்தான் இந்தப் பக்கத்தில் லாரித் தொழிலை வளர்த்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். காட்டில் ஒன்றும் விளையாதபோது மாமன் வண்டியிலோ பக்கத்து ஊர்க்காரர் வண்டியிலோ பையனை ஏற்றிவிட்டார்கள். சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. சாப்பாடு, பேட்டா, தீபாவளிக்குத் துணி. அவன் நாலைந்து வருஷம் கிரீஸ் அடித்து, தார்ப்பாய் கட்டி, டிரைவராகி, பிறகு பைனான்ஸில் ஒரு சேஸ் எடுத்து பட்டறையில் பாடி கட்டி ஓனரானான். இன்று 'முதலாளி' என்று கூப்பிடப்படுகிற பலர் வீட்டு ஆல்பத்தில் அழுக்கு பனியனோடு மட்கார்டில் சாய்ந்து நிற்கும் ஒரு படம் இருக்கும். லாரி ஓட்டப் பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் அந்த இடப்பக்கச் சீட்டுதான் பள்ளிக்கூடம்.

அவர் என்ன செய்தார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி எங்கே நின்றாலும் முதலில் குதித்து இறங்குவார். கையில் ஒரு லீவர். பத்து டயரையும் ஒரு சுற்று தட்டிக்கொண்டே வருவார். பின் அச்சில் இரண்டிரண்டாகப் பூட்டிய டயர்களில் உள்டயர் காற்று இறங்கினால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. வெளிடயர் மொத்த பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கும். அப்படியே ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் அதுவும் சூடேறி வெடிக்கும். லீவரால் தட்டும்போது காற்றுள்ள டயர் 'டங்'கென்று துள்ளும், இறங்கியது 'பொத்'தென்று சொல்லும். அந்தப் 'பொத்'தைக் கேட்கும் காது அவருக்குத்தான் இருந்தது. ஜோடி டயர்களுக்கு நடுவே சிக்கிய கல்லை நெம்பி எடுப்பதும் அவர்தான். அந்தக் கல் நெடுஞ்சாலையில் தெறித்தால் பின்னால் வருகிறவர் முகம் என்ன ஆகும் என்று டிரைவர் அவருக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருப்பார்.

டியூப் போட்ட டயர்களில் லாக் ரிங் என்று ஒன்று உண்டு, ரிம்மின் விளிம்பில் டயரைப் பிடித்துவைக்கிற இரும்பு வளையம். சரியாக உட்காராமல் காற்று அடித்தால் வளையம் கழன்று பாயும். எதிரே குனிந்திருப்பவர் தலை தப்பாது. பஞ்சர் கடைகளில் காற்று அடிக்கும்போது வீலின் மேல் இன்னொரு வீலைச் சாய்த்துவைப்பதோ, சங்கிலி சுற்றுவதோ அதற்காகத்தான். நடுக்காட்டில் அந்த வசதி கிடையாது. அங்கே குனிந்தவர் கிளீனர்.

ரிவர்ஸ் எடுக்கும்போது அவர்தான் வண்டிக்குப் பின்கண். "வரட்டும்ணா, வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும் ஒடிங்க... ஓல்டான்!" அந்த 'ஓல்டான்' காதில் விழுந்ததும் டிரைவரின் கால் தானாக பிரேக்கில் இறங்கும். சந்தைத் தெருவிலோ குடோன் வாசலிலோ நுழையும்போது இடது ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வருவார். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு லாரியின் இடது முன்மூலை கிட்டத்தட்ட இருட்டு. ஒதுங்கி ஓரமாகப் போகிறோம் என்று நினைத்து ஸ்கூட்டர்காரர் நுழைகிற இடம் அதுதான். அந்த இருட்டில் ஒரு ஜோடிக் கண் இருந்தது. "அண்ணே, டிவிஎஸ் ஒண்ணு வருது, நில்லுங்க" என்ற குரலால் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தவர்களுக்கு, தாங்கள் தப்பித்தது இன்றுவரை தெரியாது.

ராத்திரி வேலை தனி. டிரைவர் கண் சொக்காமல் பார்த்துக்கொள்வது. ஊர்க்கதை, பாட்டு, வெற்றிலை மடித்துக் கொடுப்பது, டீக்கடை வெளிச்சம் தெரிந்தால் "நிறுத்திக் குடிச்சிட்டுப் போலாங்ணா" என்பது. கிளீனர் தூங்கிவிட்டால் வசவு விழும். டிரைவருக்கும் தூக்கம் தொற்றிக்கொள்ளும் என்கிற பயம்தான் அந்த வசவு.

தொப்பூர் கணவாயை நினைக்காமல் இந்தப் பக்கத்து லாரிக்காரர் யாரும் பிரேக்கைப் பற்றிப் பேச மாட்டார். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற சரிவு. டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைச் சும்மா விடுகிற பழக்கம் அங்கே எத்தனையோ உயிரைக் கொண்டுபோயிருக்கிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. மொத்த பாரமும் பிரேக் டிரம்மின் மேல் விழுந்து, லைனிங் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று அங்கே கட்டுப்பாட்டை இழந்து வரிசையாக நின்ற வாகனங்களில் மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் அதே சரிவு, மறுபடியும் நான்கு பேர். கிளீனர் இருந்திருந்தால் இவை நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. நியூட்ரல் போட்ட டிரைவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பழக்கத்தையே கற்றுக்கொண்ட கிளீனர்களும் உண்டு. ஆனால் சரிவில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட ஒரு ஆள் இருந்தார். இன்று டிரைவர் கீழே இறங்கினால் வண்டியில் யாரும் இல்லை.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே பேசுவது நம் வழக்கம். இந்த விஷயத்தில் அது ஏமாற்று வேலை ஆகிவிடும். கிளீனர்களில் பலர் மீசை முளைக்காத பையன்கள். அடி வாங்கினார்கள். வெயிலுக்கு லாரியின் அடியில் படுத்துத் தூங்கியபோது வண்டி நகர்ந்து செத்தவர்கள் உண்டு. பின்னால் நின்று சைகை காட்டியபோது சுவருக்கும் பாடிக்கும் நடுவே நசுங்கியவர்கள் உண்டு. நள்ளிரவில் காலிச் சாலையில் டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுத்துப் பழக்கியதை ஏதோ குருகுலம் மாதிரி சொல்லிக்கொள்கிறோம். லைசென்ஸ் இல்லாத பையன் கையில் பத்து டன் சரக்கு என்பதுதான் அதன் நேரான பொருள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பும் போட்டது. ஐந்து பேராவது வேலை செய்கிற நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஒரு வண்டி, இரண்டு வண்டி ஓனர்கள் நிறைந்த நாமக்கல்லில் ஒரு டிரைவரும் ஒரு கிளீனரும் சேர்ந்தால் இரண்டு பேர்தானே! சட்டப் புத்தகம் அந்தக் கேபினுக்குள் ஏறவே இல்லை.

இனி, எப்படிப் போனார் என்பது. டியூப் இல்லாத ரேடியல் டயர் வந்தது, பஞ்சர் வேலை குறைந்தது. பவர் ஸ்டியரிங் வந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. கேரள எல்லையிலுள்ள வாளையாரில் மைல் கணக்கில் நிற்கும் வரிசையை விட்டு இறங்கி, கையில் பில் கட்டோடு ஜன்னலுக்கு ஓடிய கிளீனருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமாகிச் சுங்கச்சாவடியில் சில்லறை கொடுக்கிற வேலையும் போனது. வழி கேட்பதற்குப் போன் வந்துவிட்டது. தேசிய பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஏட்டில் மட்டும் இருந்த விதி. 2018-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இவையெல்லாம் சேர்ந்து அவரைக் கொன்றதாகச் சொல்வது வசதியான கதை. என் கணக்கில் கொன்றது வாடகைதான். டீசல் விலையை ஓனர் குறைக்க முடியாது. சுங்கத்தைக் குறைக்க முடியாது. இன்சூரன்ஸ், மாதத் தவணை, டயர், எஃப்.சி. எதிலும் கை வைக்க முடியாது. கை வைக்கக்கூடிய ஒரே இனம் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்திருந்தது. அவர் சம்பளம் மிச்சமானது. டயர் தட்டிப் பார்ப்பதும் இடது மூலையைப் பார்ப்பதும் ராத்திரி விழிப்பும் அவரோடு இறங்கிப் போயின. அந்த நஷ்டத்தை எந்த டிரிப் சீட்டிலும் எழுத இடம் இல்லை.

பையன்களும் வரவில்லை என்பது உண்மை. 2020-இல் சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வில், தன் வீட்டார் யாரும் இந்தத் தொழிலுக்கு வருவதை விரும்பவில்லை என்று 84 விழுக்காடு டிரைவர்கள் சொன்னார்கள். சராசரியாக ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஓட்டுகிறோம் என்றார்கள். களைப்போ தூக்கமோ வந்தாலும் நிறுத்தாமல் ஓட்டுகிறோம் என்று ஏறக்குறைய பாதிப்பேர் ஒத்துக்கொண்டார்கள். நம்மூரில் இப்போது பிகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வருகிற டிரைவர்களை நம்பித்தான் பல வண்டிகள் ஓடுகின்றன. டிரைவருக்கே ஆள் இல்லாதபோது கிளீனருக்கு எங்கே போவது என்று ஓனர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

2025 மார்ச் 27 அன்று சமையல் எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் தலைமையிடமே நாமக்கல்தான். எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்தத்தில் ஓனர்களுக்கு ஒவ்வாத பல நிபந்தனைகள். அவற்றில் ஒன்று, மாற்று டிரைவரோ கிளீனரோ வண்டியில் இல்லாவிட்டால் 20,000 ரூபாய் அபராதம். போய்ச் சேர்ந்தவர் ஆஜராகவில்லை என்று அபராதம்! வேலைநிறுத்தம் சில நாளில் முடிந்தது. ஆனால் எரிவாயு டேங்கரில் இரண்டாவது ஆள் வேண்டும் என்று எண்ணெய் நிறுவனம் கேட்டதில் என்ன தப்பு? கேட்டது சரி. அந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதைத்தான் இரண்டு தரப்பும் எதிர்த் தரப்பின் தலையில் கட்டப் பார்த்தன.

இப்போது மின்சார லாரி வருகிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு மின்சார லாரிகளுக்கு மானியம் அறிவித்தது. சுமார் 5,600 வண்டிகளுக்கு, ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய், பழைய லாரியை உடைக்கக் கொடுத்த சான்றிதழோடு. கிளீனர் கற்ற வித்தையில் பாதிக்கு இந்த வண்டியில் இடமே இல்லை. இன்ஜின் ஆயில் பார்க்க வேண்டாம், டீசல் லைனில் ஏர்லாக் எடுக்க வேண்டாம், கிளட்ச் இல்லை. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடவே கூடாது. சரிவில் இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கும், பேட்டரியும் ஏறும். நியூட்ரல் போட்டு மிச்சம் பிடிக்க டீசலே கிடையாது என்பதால் தொப்பூர்ப் பழக்கம் ஒழியும். (பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் அந்தப் பிடிப்பு குறையும். மலை உச்சியில் சார்ஜிங் நிலையம் வைக்கப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) டிரைவர் கண் சொக்கினால் கூவுகிற கருவி, தானாகப் பிடிக்கிற பிரேக் போன்றவற்றைக் கனரக வாகனங்களில் கட்டாயமாக்கும் வரைவு விதியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதே 2025-இல் வெளியிட்டது. ஆளாக இருந்தவரைக் கருவியாகத் திரும்ப வாங்கப் பார்க்கிறோம். வாங்கட்டும், நல்லதுதான். கருவி அடி வாங்காது, லாரிக்கு அடியில் படுத்துத் தூங்காது.

என் சந்தேகம் வேறு. இன்றைய கனரக மின்சார லாரிகளில் பல ஒரு சார்ஜில் 200 கிலோமீட்டர் வாக்கில்தான் போகின்றன. அதனால் துறைமுகம், சிமெண்ட் ஆலை என்று போய்வருகிற குறுந்தூர ஓட்டத்துக்குத்தான் முதலில் வரும். அந்த டிரைவர் சாயங்காலம் வீடு திரும்புகிறவர். கிளீனர் இல்லாமலும் அவர் சமாளிப்பார். நாமக்கல் வண்டி போவது டெல்லிக்கும் குவாஹாட்டிக்கும். அந்த நெடுந்தூர டீசல் லாரியில்தான் இரண்டாவது ஆள் தேவைப்பட்டார். புதுக் கருவியும் கடைசியாக வந்து சேரப்போவது அங்கேதான். அதுவரை அந்தக் கேபினில் கிளீனரும் இல்லை, கருவியும் இல்லை, பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிய ஒருவர் மட்டும் இருக்கிறார். 9.6 லட்சம் மானியத்தில் அவருக்கு ஒரு ரூபாயும் இல்லை.

மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாடகைப் பேச்சுக்குப் போகும்போது டீசல், சுங்கம், இன்சூரன்ஸ் என்று எழுதுகிற கணக்கில் இரண்டாவது ஆளின் சம்பளத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். பழைய பையன் வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பியவர், பயிற்சி பெற்றவர், பி.எஃப்.-உம் காப்பீடும் உள்ளவர். எல்லா வண்டிக்கும் முடியாவிட்டால் ராத்திரி ஓடுகிற நெடுந்தூர வண்டிக்கும் எரிவாயு டேங்கருக்குமாவது. சரக்கு கொடுக்கும் கம்பெனிகள் அந்த ஒரு வரியை அடித்துவிட்டால், எந்தெந்தக் கம்பெனி அடித்தது என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.