சாவடியில் கட்டிய காசு சாலைக்குப் போனதா?

சுங்கத்தை நீக்கியதற்காகவே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று முதலாம் குலோத்துங்கன் பெயர் பெற்றான். வழியில் மறித்து வாங்கும் காசின் மீது நம் மக்களுக்கு இருந்த கசப்பு அவ்வளவு பழையது. அந்தக் கசப்பின் காரணத்தைத் திண்டுக்கல் சமவெளியில் தெளிவாகப் பார்க்கலாம். ஹைதர் அலி இங்கே மைசூரின் பவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக இருந்த 1750-களில் இது மைசூரின் தென்கோடி. தெற்கே ஆற்காட்டு நவாப் உரிமை கொண்டாடிய மதுரை, கிழக்கே தொண்டைமானின் புதுக்கோட்டை, மேற்கே மலைக்கு அப்பால் திருவிதாங்கூர். பொதிமாட்டில் சரக்கு ஏற்றியவர் சீமைக்குச் சீமை சுங்கம் இறுத்தாக வேண்டும். 1792-இல் திண்டுக்கல் கிழக்கிந்தியக் கும்பினி வசமானது. அதன் ஆட்சியிலும் உள்நாட்டுச் சுங்கம் நீடித்தது. 1844-இல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. அந்த வருமான இழப்பையும் உப்பின் விலையை உயர்த்தி ஈடுகட்டிக்கொண்டார்கள். ஆக, அந்தச் சுங்கம் சரக்கின் மீதான வரி. மாடு நடந்த பாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாலைக்கென்றே வாங்கிய காசு பிறகு வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் டோல்கேட் வைத்து, கடக்கும் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கின. மோட்டார் பஸ் பெருகியதும் கேட்டுக்குக் கேட்டு நிறுத்துவது பெருந்தொல்லையானது. 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் அந்த டோலை எடுத்துவிட்டு, வாகன வரியை வைத்தது. உள்ளாட்சிகளின் இழப்புக்கு அதிலிருந்து ஈடும் தந்தது. டோலுக்கு மாற்றாகவே வாகன வரி வந்தது என்பதுதான் இதில் முக்கியம்.

ஆனால் இன்று வாகன வரியும் இருக்கிறது, சுங்கச் சாவடியும் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனால் கொடைரோடு, திருச்சிக்குப் போனால் பொன்னம்பலப்பட்டி. பெட்ரோல், டீசலில் சாலைக்கென்று செஸ் வேறு. "நாலுவழிச் சாலை சும்மா வருமா? ஓட்டுபவர்தானே கொடுக்க வேண்டும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். மதுரைப் பயணம் எளிதானதை யாரும் மறுக்க முடியாது. அந்தச் சாலையில் கால் வைக்காத விவசாயியின் வரியில் அதைப் போடுவதும் முறையல்ல. ஆனால் ஓட்டுபவர் கொடுப்பதுதான் நியாயம் என்றால், வரி, செஸ், டோல் என்று மூன்று வழியில் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானதோடு குறை தீர்ந்தது என்பதும் சரியல்ல. அது காத்திருப்பைக் குறைத்தது. காசு எங்கே போகிறது என்பதைச் சொல்லவில்லை.

ஆகவே டோலே கூடாது என்பது என் வாதமல்ல. சாலைக்கு ஆன செலவு, இதுவரை வசூலான தொகை, பராமரிப்புக்குப் போனது, இன்னும் எத்தனை ஆண்டு வசூல் என்ற நான்கையும் கட்டணப் பலகைக்குப் பக்கத்திலேயே, ஓட்டுநர் படிக்கும்படி பெரிய தமிழ் எழுத்தில் ஆண்டுதோறும் எழுதி வைக்க வேண்டும். கணக்குக் காட்டாத வசூல், பழைய சீமைச் சுங்கம்தான்.