சானிட்டரி இன்ஸ்பெக்டர் மாமாவும் 350 கிணறுகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகனுக்கு ஒரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளர் வேலை கிடைத்திருக்கிறது. "சந்தோஷமாத்தான் சார் இருக்கு. ஆனா சொந்தக்காரங்க 'சாக்கடை ஆபீசரா'ன்னு கேலி பண்றாங்க. கடைக்குக் கடை மாமூல் வாங்குற வேலைன்னும் சொல்றாங்க. நீங்க வரலாறு வாத்தியார், ரெண்டு வார்த்தை எழுதுங்க சார்" என்றாள்.

இரண்டு வார்த்தையில் முடியாதம்மா. என் தாய்மாமன் திண்டுக்கல்லில் அந்த வேலைதான் பார்த்தார். அப்போது அதற்குப் பெயர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். என் அப்பாவோ ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே கதையில் பாதி உங்களுக்குப் புரிந்துவிடும்.

இந்த வேலை பிறந்தது இங்கிலாந்தில். தொழிற்சாலைகள் பெருகி, காலரா வந்து, லிவர்பூல் நகரம் 1847-இல் ஒரு மருத்துவ அதிகாரி, ஒரு பொறியாளர், ஒரு 'நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர்' என்று மூன்று பேரை வேலைக்கு வைத்தது. மூன்றாமவர் வேலை தெருத்தெருவாகப் போய்ப் பார்ப்பது. அதே ஏற்பாடு கப்பலேறி நம்மிடம் வந்தது. 1865-இல் சென்னை மாகாணத்தில் நகர மேம்பாட்டுச் சட்டம். அடுத்த ஆண்டே, 1866-இல், திண்டுக்கல் நகராட்சியானது. பிறகு 1884-இல் ஒரு சட்டம், 1920-இல் மாவட்ட நகராட்சிகள் சட்டம். 1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம்தான் இந்தியாவிலேயே அந்த வகையில் முதல் சட்டம் என்பார்கள். நம் ஊர் 2014-இல் மாநகராட்சி ஆகும் வரைக்கும் அந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஆண்டது.

சட்டம் கிடக்கட்டும். மாமாவின் ஒரு நாளைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு மஸ்டர். துப்புரவுத் தொழிலாளர்களை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட வேண்டும். (தலையில் மலம் சுமந்த காலம் அது. அவர்களை அப்படி நிற்கவைத்து வேலை வாங்கியது பற்றி மாமா கடைசிவரை மனம்விட்டுப் பேசியதில்லை. நானும் கேட்காமல் விட்டேன். கேட்டிருக்க வேண்டும்.) பிறகு பால்காரர்களை மறித்து லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பது. 1954-இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தபின் மாதிரி எடுத்து, மூன்று பங்காகப் பிரித்து, அரக்கு வைத்து, ஒன்றை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு, அம்மை ஊசி, பிறப்பு இறப்புப் பதிவு. கடைசியில் லைசென்ஸ். ஆபத்தும் அருவருப்பும் தரக்கூடிய தொழில்கள் என்று சட்டத்தில் ஒரு நீண்ட பட்டியலே உண்டு. அதில் எதை நடத்தினாலும் நகராட்சி லைசென்ஸ் வேண்டும். 'டி அண்ட் ஓ லைசென்ஸ்' என்று இன்றும் பழைய வியாபாரிகள் சொல்வார்கள்.

தோல் பதனிடுவது அந்த வகைத் தொழில்தான். திண்டுக்கல் என்றால் இன்றைக்குப் பூட்டும் பிரியாணியும். எங்கள் சிறுவயதில் ஊருக்குள் நுழைந்ததும் வரவேற்றது தோல் வாசனை. டி. செல்வராஜ் எழுதி 2012-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய 'தோல்' நாவல் இந்தத் தொழிலாளர்களைப் பற்றியதுதான். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வரும். அதை ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பில் போட்டு முடியை நீக்க வேண்டும். பிறகு ஆவாரம் பட்டை, கடுக்காய். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது. முழுதாக முடித்த தோலை அனுப்பினால்தான் அந்நியச் செலாவணி அதிகம் என்றது அரசு. குரோமியமும் மற்ற ரசாயனங்களும் பெருகின.

1971-இல் என்று நினைவு. அப்பா வேலை பார்த்த ஷாப்புக்கு மாமா நோட்டீஸ் கொடுத்துவிட்டார். கழிவுநீர் தெருவில் தேங்குகிறது, துர்நாற்றம் என்று. முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க மச்சினன் நம்ம வயித்துல அடிக்கிறாரே" என்றிருக்கிறார். அன்று இரவு வீட்டில் பெரிய சண்டை. "மச்சான், நான் எழுதலைன்னா நாளைக்கு இட்லிக்கடைப் பாட்டிக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நோட்டீஸ் குடுப்பேன்?" என்று மாமா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. இரண்டு வருடம் பேசவில்லை. அக்கா கல்யாணத்துக்குத்தான் மாமா மறுபடி எங்கள் வீட்டு வாசல்படி ஏறினார். சீர் செய்யத் தாய்மாமன் வராமல் முடியுமா?

நான் அன்று அப்பா பக்கம். எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியது தோல் ஷாப்புக் காசு.

அந்த நோட்டீஸ் என்ன ஆனது? கோர்ட்டில் 25 ரூபாய் அபராதம். ஷாப்பில் கட்டிவிட்டு, தெருவில் தேங்காதபடி ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் ஊரைத் தாண்டி ஓடிப்போனது. நாற்றம் குறைந்தது, சட்டப்படி விஷயம் முடிந்தது. மாமாவின் அதிகாரம் நகராட்சி எல்லைக்கல்லோடு சரி. தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது.

இங்கேதான் எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம். அம்மாவும் மாமாவும் பிறந்த ஊர் ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தில், நகரத்தை ஒட்டிய பக்கம் இருக்கும் ஒரு சிற்றூர். 1980-களின் தொடக்கத்தில் தாத்தா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மாற ஆரம்பித்தது. முதலில் சோப்பு நுரைக்கவில்லை. பிறகு பருப்பு வேகவில்லை. அப்புறம் தென்னை குருத்துக் காய்ந்தது. பாட்டி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தாள். ஊருக்கெல்லாம் சுகாதாரம் பார்த்த சானிட்டரி இன்ஸ்பெக்டரின் தாய் அவள்.

இட்லிக்கடைப் பாட்டியின் கடையை மாமாவால் ஒரே நாளில் மூட முடிந்தது. தோல் ஷாப்பை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாற்றத்துக்கும் தேங்கிய சாக்கடைக்கும் எழுதிய சட்டம் அது. நிலத்தடியில் வருடக்கணக்காக இறங்கும் உப்பு அதன் கண்ணில் படவே இல்லை. லஞ்சம் வாங்கியவர்களும் அந்த உத்தியோகத்தில் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் வாங்காதவராலும் முடியவில்லை என்பதுதான் நான் கண்ணால் பார்த்தது.

1974-இல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1982-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 1989-இல் ஆறு குளங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இப்படிப்பட்ட தொழில் கூடாது என்று அரசாணை. எல்லாம் வந்தும் கடைசியில் மக்களே டெல்லி வரை போக வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 28-8-1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.

எல்லோரும் அதை வேலூர், ஆம்பூர் வழக்கு என்றே நினைக்கிறார்கள். நம் ஊரும் அதில் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கைத் தீர்ப்பு சொல்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன, பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்று. (ஆங்கிலத் தீர்ப்பில் நம் ஊர்ப் பெயர் 'பெட்டியார் சத்திரம்' என்று அச்சாகியிருக்கிறது. வாத்தியார் புத்தி, சிவப்பு மையால் திருத்திவைத்திருக்கிறேன்.) திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவற்றுக்குப் பூட்டு.

மாமா அப்போது ஓய்வுபெற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கல். நான்தான் பேப்பரை வாசித்தேன். "ஃபைன் எம்புட்டு மாப்ள?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த 350-ல நம்ம வீட்டுக் கிணறும் சேர்த்தியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஷாப்புகள் மூடியபோது வேலை போனவர்களில் என் மாணவர்களின் அப்பாக்களும் இருந்தார்கள். அந்த வருடம் வகுப்பில் சில இடங்கள் காலியாயின. அதையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மாமாவின் சொந்த டைரிகள் நான்கு என்னிடம் இருக்கின்றன. எந்தத் தெரு, என்ன குறை, என்றைக்கு மறுபடி போய்ப் பார்த்தார் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். அந்தப் பையனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை அவனுக்குக் கொடுக்கப் போகிறேன்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் இருக்கும் பிள்ளைகள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் இப்போது பருப்பு வேகிறதா என்று கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு.