காட்டில் வழி தவறினால் எது முதலில்?

“ஹஜ்ரத், காட்டில் மாட்டிக்கொண்டால் செத்த பிராணியைச் சாப்பிடலாமா?” ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா கிளம்பும் நம் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. உயிர் போகும் நிர்ப்பந்தத்தில், உயிர் தங்கும் அளவுக்கு அனுமதி உண்டு (அல்குர்ஆன் 2:173). ஆனால் வழி தவறியவருக்கு அது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் ஐந்து காரியங்கள் இருக்கின்றன.

விடுமுறை நாட்களில் வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிக் குடும்பங்கள் ஆலங்காயம் வழியாக மலையேறுகின்றன. பக்கத்துக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கு அங்குள்ள தெளிந்த, இருண்ட வானமும் ஒரு காரணம். விண்மீன் பார்க்க உதவும் அதே இருட்டுதான் பாதை தவறியவருக்கு ஆபத்தாகிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 23 உயிர்களை இழந்தோம். கோடையில் காய்ந்த புல் நிறைந்த எந்த மலையும் நமக்கு இதே எச்சரிக்கைதான்.

வரிசை இதுதான்:

1. நில்லுங்கள். வழி தவறியது தெரிந்ததும் உட்காருங்கள். பதற்றத்தில் நடக்கும் ஒவ்வோர் அடியும் தேடி வருபவர்களிடமிருந்து உங்களைத் தூரமாக்கும். குழுவாகப் போனால் பிரியாதீர்கள்.

2. உடனடி ஆபத்திலிருந்து விலகுங்கள். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். எனவே மேலே ஓடாமல் புல் இல்லாத பாறை, வெற்றுத்தரை, ஓடைப் படுகை பக்கம் ஒதுங்குங்கள். இரத்தம் கசிந்தால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது; கடிபட்ட பகுதியை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

3. ஒதுங்க இடம். பகலில் நிழல், இரவில் குளிருக்கும் காற்றுக்கும் மறைப்பு. நனைந்த உடலைக் குளிர் சில மணி நேரத்தில் வீழ்த்திவிடும்.

4. தண்ணீர். தண்ணீர் இல்லாமல் ஏறத்தாழ மூன்று நாள். கடும் வெயிலில் அதைவிடக் குறைவு. ஓடைத் தண்ணீரை முடிந்தால் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

5. உதவி கேட்பது. 112ஐ அழையுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் மூன்று மூன்று முறையாக விசில் அடியுங்கள். புகை எழுப்பலாம் என்பார்கள். கோடையில் இந்த மலையில் அதைச் செய்யாதீர்கள்.

6. உணவு. சாப்பாடு இல்லாமல் பல நாட்கள் தாங்கலாம். பெயர் தெரியாத காய், காளான் எதையும் தொடாதீர்கள்.

மார்க்கம் சொல்லும் வரிசை

கையில் ஒரு பாட்டில் தண்ணீர்தான் இருக்கிறது, தொழுகை நேரமும் வந்துவிட்டது. உளூச் செய்வதா, குடிப்பதா? குடிப்பதற்கே முதலிடம், தொழுகைக்குத் தயம்மும் போதும். உடன் வந்தவரின் தாகத்துக்காக ஒதுக்கிய தண்ணீருக்கும் இதே சட்டம்தான். நோன்பாளி உயிருக்கு அஞ்சும் நிலையை அடைந்தால் நோன்பை முறித்து, பின்னர் களாச் செய்ய வேண்டும்.

தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில், கடுங்குளிர் இரவில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையானது. குளித்தால் உயிர் போய்விடும் என அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். காரணத்தைக் கேட்டறிந்த நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை (அபூதாவூத்). தலையில் காயம்பட்ட ஒருவரைக் குளித்தே ஆகவேண்டும் எனத் தோழர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்துபோனார். அந்தச் செய்தி கேட்டு நபியவர்கள் கடுமையாகக் கோபம் கொண்டதும் அதே நூலில் உள்ளது. பேணுதல் என்று நினைத்து உயிரைப் பணயம் வைப்பது பேணுதல் அல்ல.

கிளம்பும் முன்

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். வனத்துறை அனுமதியில்லாத பாதையில் இறங்காதீர்கள். ஆளுக்குத் தனித்தனியாகத் தண்ணீர், டார்ச், விசில், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் ஒரே ஒரு பாடம் சொல்லிக் கூட்டிப்போங்கள்: “வழி தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே இரு, நாங்கள் வருவோம்.”

உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவதும் இபாதத்தே. அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.