சமூக ஊடகப் பதிவுகளின் உண்மைச் சரிபார்ப்பு: 2023ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகள்

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் கூறும் காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின; பீகார் சட்டமன்றத்திலும் அது எதிரொலித்தது. அன்றைய தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு மறுப்பு வெளியிட்டார். பரவிய காட்சிகளுள் ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர் குழுக்கள் இரண்டு தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூரார் இருவருக்கிடையே நிகழ்ந்தது. ஆக, காட்சி மெய். அதன்மேல் ஏற்றப்பட்ட விளக்கமே பொய். ஹோலிக்காக ஊர் திரும்பியோரின் கூட்டமும் அஞ்சி ஓடுவோரின் கூட்டமாகக் காட்டப்பட்டது.

இங்குச் சரிபார்ப்பு பயன் தந்தது. எனினும், பயன் தந்த விதம் கருதத்தக்கது. குற்றம் சுமத்தப்பட்ட மாநிலத்தின் காவல்துறையே மறுத்தமையால், அம்மறுப்பு மட்டும் போதிய சான்றாகியிராது. பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு நேரில் வந்து விசாரித்து நிறைவு தெரிவித்த பின்னரே அது வலுப்பெற்றது. அதற்குள் அச்சத்தால் புறப்பட்டுவிட்ட தொழிலாளர்களுக்கு மறுப்பு காலங்கடந்ததே.

அடுத்த மாதமே, ஏப்ரல் 6 அன்று, ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. ஒன்றிய அரசின் அலுவல்கள் பற்றிய பதிவைப் பொய் என்றோ திசைதிருப்புவது என்றோ அடையாளப்படுத்தும் அதிகாரம், அவ்வரசே அமைக்கும் பிரிவுக்கு அளிக்கப்பட்டது. அதன்பின்னும் பதிவை வைத்திருக்கும் தளம் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும். திருப்பூர் நிகழ்வில் இருந்த இரண்டாம் சாட்சிக்கு இதில் இடமே இல்லை. குணால் கம்ரா உள்ளிட்டோரின் வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2024 சனவரியில் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். மூன்றாம் நீதிபதி சந்துர்க்கர் செப்டம்பர் 20 அன்று, அத்திருத்தம் அரசியலமைப்புக்கு முரணானது என்றார். 2023இல் தமிழ்நாடு அரசும் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை நிறுவியது. சட்ட வடிவில் அது வேறானதே. ஆயினும் அரசைப் பற்றிய செய்தியை அரசே அளக்கலாமா என்னும் வினா அதற்கும் பொருந்தும்.

வரலாற்றாய்வாளருக்கு மற்றுமோர் இழப்பு உண்டு. பொய்யெனக் கண்ட பதிவு நீக்கப்படும்போது மறுப்பு மட்டுமே ஆவணத்தில் எஞ்சுகிறது. எத்தகைய சொற்கள் தொழிலாளரை அச்சுறுத்தின, யார் அவற்றை முதலில் பகிர்ந்தனர் என்பதை மறுப்பிலிருந்து மீட்டெடுக்க இயலாது. பதிவை அழிக்காமல் அதன்கீழ்த் திருத்தக் குறிப்பை இணைக்கும் முறையில் இரண்டும் எஞ்சுகின்றன. வதந்தியும் தொடர்ந்து கண்ணில் படுகிறது.