கோட்டைக்கு வெளியே நின்ற காவல்

கோட்டை என்றதும் நம் பாடநூல்கள் மன்னனின் பெயரைச் சொல்லும், மதிலின் உயரத்தைச் சொல்லும். மதிலுக்குக் கீழே மலைச்சரிவில் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவன் யார் என்று சொல்லாது. நாம் அந்தச் சரிவிலிருந்து தொடங்குவோம், தோழர்களே.

17ஆம் நூற்றாண்டில், சிவாஜியின் மலைக்கோட்டைகளில், காவலும் சாதிவாரியாகத்தான் பிரிக்கப்பட்டிருந்தது. கோட்டைத் தலைமை மராட்டிய ஹவல்தாரிடம். கணக்கு பார்ப்பன சப்னிஸிடம். வெளிக்காவல் மட்டும் ராமோஷி, மகர், மாங் சாதியினருக்கு. கம்பெனி அதிகாரி கிராண்ட் டஃப், 1826இல் வெளியிட்ட மராட்டியர் வரலாற்றில் இவர்களுடைய வேலையைப் பதிவு செய்திருக்கிறார். மலைப்பாதைகளைக் கண்காணிக்க வேண்டும். உளவு சொல்ல வேண்டும். வழி கேட்கும் அந்நியனைத் திசை திருப்பிவிட வேண்டும். பிரிந்து வரும் எதிரிகளை மடக்க வேண்டும். சரிவிலிருந்த இந்தக் காவல்நிலைகளுக்கு மராட்டியில் 'மேட்' என்று பெயர். எதிரி ஏறி வந்தால் முதல் வெட்டு அங்கேதான் விழும்.

ஊரிலும் இதே ஏற்பாடுதான். ஊர்வாசலுக்கு 'வேஸ்', அதைக் காக்கும் மகருக்கு 'வேஸ்கர்'. அந்தியில் கதவடைப்பதும், புதிதாய் வருவோரைப் பட்டீலிடம் சொல்வதும் அவர் பொறுப்பு. அவர் குடியிருப்பதோ வாசலுக்கு வெளியே, மகர்வாடாவில். கூலி? கொஞ்சம் வதன் நிலமும், வீடு வீடாய்ப் போய் வாங்கும் ரொட்டியும். நம் ஊர் வெட்டியானை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேஷ்வாக்களின் பூனாவில், பிற்பகல் 3 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை மகரும் மாங்கும் நகருக்குள் நுழையத் தடை. அந்த நேரங்களில் நிழல் நீளும். நீண்ட நிழல் மேல்சாதியார்மீது விழுந்துவிடுமாம். பாதையைக் காத்தவனுக்கே பாதை இல்லை!

1818 ஜனவரி 1இல் கோரேகானில் கம்பெனிப் படையில் நின்று பேஷ்வா படையை எதிர்த்த மகர்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அங்குள்ள தூணில் 22 மகர் வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன, 'நாக்' என்று முடியும் பெயர்கள். சரிவில் காவல் நின்று மாண்டவர்களுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. கம்பெனியும் நம்மை விடுவிக்க வந்ததல்ல. 1890களில் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்று கணக்குப் போட்டு, மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திக்கொண்டது. முன்னாள் படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் மகர்கள் முற்காலத்தில் சத்திரியர்கள் என்று வாதிட்டார். வேலை பறிபோனவரின் தவிப்பு நமக்குப் புரிகிறது. வாதத்தை நம்மால் ஏற்க முடியாது. அது நம்மைக் கீழே தள்ளிய ஏணியிலேயே ஒரு படி கேட்கிறது.

அம்பேத்கர் வேறு வழி பார்த்தார். 1927 ஜனவரி 1இல் கோரேகான் தூணருகே நின்று அந்த வீரர்களை நினைவுகூர்ந்தார். அடுத்த ஆண்டே, பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். வீரத்தைப் போற்றிய அவரே, வேஸ்கர் காவலைப் பெருமை என்று ஏற்காமல் அடிமைத்தனம் என்றே கண்டார். பகலும் இரவும் அரசு கூப்பிட்டால் ஓட வேண்டிய ஊழியத்துக்கு ஒரு துண்டு நிலம் ஈடாகாது என்பது அவர் கணக்கு. மசோதா நிறைவேறவில்லை.

அந்த வதன்களை ஒழிக்கும் சட்டம் 1958இல்தான் வந்தது. அப்போதும் நிலம் சும்மா கிடைத்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காவல் நின்றவர்கள், அதே நிலத்தைத் திரும்பப் பெற, தீர்வையைப்போல் மூன்று மடங்கு பணம் கட்ட வேண்டியிருந்தது.